நான்காம் எண் மிட்டாய்

அவள் உள்ளே ஓடி வந்தாள். அவன் பந்து மூட்டையோடு வெளியே வந்தான். இடையில் இருந்த பள்ளிக்கூட வாசல்தான் இருவருக்கும் போதவில்லை...

பத்துப் பன்னிரண்டு பந்துகள் ஈரத் தரையில் நாலாபுறமும் உருண்டன. அவள் கையிலிருந்த நீலநிற ஜிப் பை மட்டும் எங்கும் போகவில்லை. அதை நெஞ்சோடு அணைத்தபடி முழங்காலில் விழுந்திருந்தாள். தான் விழுந்தாலும் பரவாயில்லை, பை விழக் கூடாது என்று மூன்று வருடமாகப் பழகிப்போன உடம்பு அது.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முதலில் தெரிந்தது கழுத்தில் தொங்கிய விசில். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். அதற்கப்புறம்தான் கண்கள்...

கண் பார்ப்பது அவள் தொழில். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு இருபது ஜோடிக் கண்களையாவது பரிசோதிக்கிறவள். கண்களைக் கண்டு மயங்கும் வயதெல்லாம் லென்ஸ் மாற்றி மாற்றியே கழிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். ஆனால் இந்தக் கண்கள்... இமையோரத்தில் ஒரு மழைத்துளி நிற்க, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், தப்பு முழுக்கத் தன்னுடையதே என்பது போல விழித்துக்கொண்டு நின்றன. கண்ணாடி தேவைப்படாத கண்கள் என்று தொழில்புத்தி குறித்துக்கொண்டது. மனசு என்ன குறித்துக்கொண்டது என்று கேட்டால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"அடி பட்டுடுச்சா?" என்றான்.

இல்லை என்று தலையாட்டினாள். மூச்சு வாங்கியது. காவலாளி அறைப் பக்கத்து பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு, சட்டைப் பையில் கையை விட்டு ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினான்.

"முகமே வெளுத்துப்போச்சு... இதை வாயில போட்டுக்கோங்க. கொஞ்சம் தெம்பா இருக்கும்."

முன்பின் தெரியாத ஆணிடம் மிட்டாய் வாங்கித் தின்கிற வயதா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். காகிதத்தைத் திருப்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது. நீல மையில், ஒரு கால் கோணலாக, நான்கு என்ற எண். அவளுடைய கையெழுத்து.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவன் பெருமையாகவே சொன்னான். புதிதாகச் சேர்ந்த விளையாட்டு ஆசிரியராம். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தைக்குச் சுகர் இருக்கிறது என்று பட்டியலில் பார்த்தானாம். அந்தக் குழந்தை பாக்கெட்டில் ஆறு மிட்டாய். நல்ல வேளையாக ஓட விடுவதற்கு முன்னாலேயே பிடுங்கி வைத்துவிட்டானாம்.

"ஓட விட்டுட்டீங்களா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இப்ப எங்க அவ?"

"எதிர் மைதானத்துல... ஓட விட்டுட்டுத்தான் பந்து எடுக்க வந்தேன். மூணாவது ரவுண்டு..."

அவள் அதற்குள் ஓடியிருந்தாள்.

மைதானத்தின் ஓரத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. ஷூ கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் விளையாட்டுக்குப் பண்ணுகிறாள் என்று சிரித்தார்கள். அவள், குழந்தை காலையில் மறந்துவிட்டுப் போன நீலப் பையைத் திறந்து, சுகர் பார்க்கிற மெஷினை எடுத்து, பிஞ்சு விரலில் ஊசியைத் தட்டினாள். ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

நான்காம் எண் மிட்டாயை உரித்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். பின்னாலேயே ஓடி வந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினாள். அவன் மற்ற மிட்டாய்களை அந்தக் கையில் வைத்தான். அதில் இரண்டு உள்ளே போயின. பதினைந்து நிமிடம்... தூறலில் மூன்று பேரும் அசையவில்லை. மறுபடி விரலில் ஊசி. எண்பத்தாறு. குழந்தையின் கண்களில் வெளிச்சம் திரும்பி வந்தது.

"அத்தை, நான் ஜெயிச்சேனா?"

அதுவரை தாங்கியவள், அதற்குமேல் தாங்கவில்லை.

"சுகர் இருக்கிற பிள்ளைன்னா மிட்டாய் விஷம், அதானே உங்களுக்குத் தெரியும்?" என்றாள் அவனிடம். "இவ உடம்புல இன்சுலின் சுரக்காது சார். நாங்கதான் ஊசியில போடறோம். போட்டுட்டு ஓடினா சுகர் சரசரன்னு இறங்கும். இறங்கறப்போ இந்த மிட்டாய்தான் மருந்து. நீங்க பிடுங்கினது மிட்டாய் இல்ல... அவ உசுரு."

அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்த இடத்தில் எதிராளி தலையைக் குனிந்துகொண்டால் மிச்சக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

*

குழந்தைக்கு வீட்டில் பெயர் பட்டாணி. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அண்ணன் மகள். அண்ணி போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. அண்ணனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து, மகள் வளர்ந்திருப்பதைப் பார்த்து அழுதுவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் பட்டாணிக்கு அத்தை, அத்தைக்குப் பட்டாணி.

ஐந்து வயதில் ஒரு வாரம் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். உடம்பு குச்சியாக இளைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து தினம் நான்கு ஊசி, ஆறு தடவை விரல்குத்து. சின்ன வயதில் இனிப்பு நிறையக் கொடுத்தீர்களா என்று கேட்காத ஆளில்லை. தின்று வந்த நோயில்லை, யார் தப்பும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மிட்டாய்க்கு எண் போடுவது அவளே கண்டுபிடித்த வழி. காலையில் ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதிப் பாக்கெட்டில் போடுவாள். தேவைப்பட்டால் ஒன்றிலிருந்து வரிசையாகத்தான் சாப்பிட வேண்டும். சாயங்காலம் எத்தனை குறைந்திருக்கிறது என்று பார்த்தால், அன்றைய நாள் எப்படிப் போனது என்று புரிந்துவிடும். ஆறும் அப்படியே திரும்பி வந்தால் நிம்மதியாகச் சாப்பிடுவாள். ஒன்று குறைந்தாலும் சோறு இறங்காது.

கல்யாணப் பேச்சு ஒரு தடவை வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், பட்டாணிக்கு ஊசி போடும் நேரமாகிவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாக, இந்த நோய் மற்றவர்களுக்கும் ஒட்டுமா என்று கேட்டாள். அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் இவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான், திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் போனில், உனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாமா என்று ஆரம்பிப்பான். லைன் சரியில்லை அண்ணா என்று வைத்துவிடுவாள். நடுக்கடலிலிருந்து பேசுகிறவனுக்குக் கேட்கிற குரல், கரையில் இருக்கிறவளுக்கு மட்டும் எப்படியோ கேட்காது.

மைதானத்துச் சம்பவத்துக்கு மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷிதான், ஆனால் பயந்துபோயிருந்தார். இனி விளையாட்டு நேரத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கட்டும், இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள், கையெழுத்துப் போடவில்லை. பட்டாணி அன்று சாயங்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உட்கார வைத்தால் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்று அந்தச் சுவரிடம்தான் சொன்னாள். அடுத்த மாதம் தொடர் ஓட்டப் போட்டி. அதில் கடைசிச் சுற்று அவளுக்கென்று பிள்ளைகள் பேசி வைத்திருந்தார்களாம்.

அதற்கு அடுத்த நாள் கண்ணாடிக் கடைக்கு ஒரு நோயாளி வந்தான். கண் மங்கலாகத் தெரிகிறதாம். உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது... விசில்காரன்.

தொழில் தொழில்தானே. எழுத்துப் பலகையைக் காட்டினாள். கடைசி வரி வரை படித்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தான்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல சார்."

"இருக்குங்க. அன்னிக்கு ஒரு குழந்தை தடுமாறுறது கண்ணு முன்னாடியே நடந்துச்சு. தெரியல. அதுக்கு ஏதாவது லென்ஸ் இருந்தா போட்டு விடுங்க."

அவள் விளக்கை அணைத்தாள். பிறகு, எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் மறுபடி போட்டாள். கோபம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் அகப்படவில்லை.

"நோட்டு இருக்கா?" என்றாள்.

இருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எத்தனைக்குக் கீழே போனால் எத்தனை மிட்டாய், எத்தனை நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, கை நடுங்கினால் என்ன, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் என்ன, மயங்கிவிட்டால் வாயில் எதையும் வைக்காமல் யாரைக் கூப்பிடுவது. தன் எழுத்து தனக்கே புரியாது, நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றான். வயதானவர்களுக்கு எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். முதல் வரி, கையைக் கழுவித் துடைக்கவும். அவன் அதை நான்காக மடித்து, மிட்டாய் இருந்த அதே பையில் வைத்துக்கொண்டான். அப்புறம் விரலை நீட்டினான்.

"எனக்கும் ஒரு தடவை குத்துங்க. அந்தக் குழந்தைக்கு எப்படி வலிக்குதுன்னு தெரியணும்."

இரண்டு ஆள் உயரத்துக்கு இருந்துகொண்டு, ஊசியைப் பார்த்ததும் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். இமைகள் படபடத்தன... அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"தொண்ணூத்தி ரெண்டு."

"பாஸா?"

"சுகர்ல பாஸ். தைரியத்துல ஃபெயில்."

அடுத்த வாரம் இடது கண்ணைக் காட்ட வந்தான். அதற்கடுத்த வாரம் மறுபடி வலது கண். இந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை கண் என்று கடை முதலாளி அவளைக் கேட்டார்.

அதற்குள் அவன் வேறு வேலைகளும் பார்த்திருந்தான். தலைமை ஆசிரியையிடம் பேசி அந்தக் காகிதத்துக்கு வேலையில்லாமல் செய்தான். அவள் எழுதிய தாளைப் பிரதி எடுத்து ஆசிரியர் அறையிலும் வகுப்பிலும் பந்து அறையிலும் ஒட்டினான். பட்டாணியின் வகுப்பில் ஒரு மணி நேரம் வாங்கி, என்ன கேட்க வேண்டுமோ அவளிடமே கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டான். ஒரு பையன் எழுந்து, ஒட்டுமா என்று கேட்டானாம். பட்டாணி நேராகப் போய்ப் பத்து விரலையும் அவன் கன்னத்தில் வைத்துவிட்டு எடுத்து, பாரு, ஒட்டிச்சா என்றாளாம். வகுப்பே சிரித்ததாம்.

பட்டாணி இதை நடித்துக் காட்டியபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதாள். அதே கேள்விதான். அன்றைக்குத் தான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்த அதே கேள்வி.

சாயங்காலம் ஆனால், அவன் வருகிறானா என்று காது தானாகக் கடையின் திரைப்பக்கம் போனது. அது அவளுக்குப் பயமாக இருந்தது. ஊசிக்குப் பயம், எண்ணுக்குப் பயம், போன் அடித்தால் பயம் என்று இருக்கிற பயமே போதாதா... இதில் ஒருத்தரை நம்பி, அவர் ஒரு நாள் அலுத்துப்போய் விலகி, பட்டாணியும் தானும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலையை இன்னொரு தடவை வாரிக்கொண்டு கடைக்குப் போனாள்.

*

ஒரு நாள் மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அவள் போனபோது ஓட்டப் பயிற்சி அப்போதுதான் முடிந்திருந்தது. குழாயடியில் பிள்ளைகளின் நீண்ட வரிசை. பட்டாணி பெஞ்சில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். தலை வலிக்கிறது அத்தை என்றாள். காலடியில் ஆரஞ்சுத் தோல் குவிந்து கிடந்தது.

மெஷினை எடுத்தாள். விரலில் தட்டினாள். ஐந்து நொடி...

முந்நூற்று நாற்பத்தெட்டு.

இவ்வளவு ஏறி எத்தனை மாதமாகிறது... பார்வை தோலுக்குப் போனது. தோலிலிருந்து, பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்குப் போனது.

"என்ன சாப்பிடக் கொடுத்தீங்க இவளுக்கு?"

அவன் பதறி வந்தான். பட்டாணி தன் டப்பாவில் இருந்ததைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை, பக்கத்திலேயே இருந்தேன் என்றான். நான் ஆரஞ்சு சாப்பிடவே இல்லை அத்தை என்றாள் பட்டாணி. அவள் இரண்டு பேரையும் நம்பவில்லை. மெஷின் பொய் சொல்லுமா? டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்து, இன்சுலின் பேனாவில் மூன்று யூனிட் திருகிப் போட்டாள்.

"தாளில எழுதிக் கொடுத்ததையெல்லாம் பையில வெச்சுக்கிட்டா போதுமா சார்? ஒரு நாள் கூத்து இல்ல இது. உங்களுக்கு இது நல்ல பேர் வாங்கற வேலை. எனக்கு இவதான் எல்லாமே."

அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தாள். பார்த்தும், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

பஸ் ஏறினார்கள். மழை பிடித்துக்கொண்டது. நான்கைந்து நிறுத்தம் தாண்டியதும் சாலை முழுக்க வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. முந்நூறைத் தாண்டியிருக்கிறதே, வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயோ பின்னால் ஒரு விசில் சத்தம் கேட்டது. விடாமல்... மூச்சுவிடாமல்...

திரும்பிப் பார்த்தாள். நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்து ஓடி வந்துகொண்டிருந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தாள். வரட்டும், தானும் பேசித் தீர்க்கலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஏறியவன் அவளைப் பார்க்கவே இல்லை. பட்டாணியின் கையைத்தான் பார்த்தான்.

"இவ ஆரஞ்சு சாப்பிடலைங்க... உரிச்சா." மூச்சு இரைத்தது. "நான்தான் சாப்பிட முடியாதே, உங்களுக்கு உரிச்சுத் தரேன்னு எல்லாருக்கும் உரிச்சுக் கொடுத்தா. தோலைப் பொறுக்கும்போது என் கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு. அப்பதான் உறைச்சுது. நீங்க பார்த்தது ரத்தத்துல இருந்த சுகரா, விரல்ல இருந்த சுகரா?"

உலகம் ஒரு நிமிடம் நின்றது. முதல் வரி. கையைக் கழுவித் துடைக்கவும். அவளே எழுதியது. பெரிய பெரிய எழுத்தில்...

அவள் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். குழந்தையின் இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, மழையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். துடைப்பதற்கு அவனிடம் காய்ந்த துணி ஏது... கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி இருந்தது. அதால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஊசி. ஐந்து நொடி.

தொண்ணூற்றாறு.

வழக்கமான நாளில் கொண்டாட வேண்டிய எண். இன்று உள்ளே மூன்று யூனிட் வேண்டாத மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தேவையில்லாத ஊசியைத் தன் கையால், தன் குழந்தைக்கு...

நீலப் பையில் மிட்டாய் வைத்திருந்த உள்ஜிப்பைத் திறக்கப் போனாள். ஈர விரலில் அது வழுக்கியது. அதற்குள் அவன் தன் சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்துப் பட்டாணியிடம் கொடுத்திருந்தான். அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு நாளும் அது இல்லாமல் அவன் மைதானத்துக்கு வந்ததில்லை என்று பிறகு பட்டாணிதான் சொன்னாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள். பயப்படாதீர்கள், நேரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள், மூன்று மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை பாருங்கள், பிஸ்கட் கொடுத்துக்கொண்டே இருங்கள், இறங்கிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரி என்றார். நகராத பஸ்ஸிலிருந்து இறங்கிப் பக்கத்து நிழற்குடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். அவன் எதிர்க்கடைக்கு ஓடி இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தான். கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி பெஞ்சின்மேல் வைத்து அழுத்தினான்.

எண்பத்தொன்று. எழுபத்துமூன்று... இன்னொரு மிட்டாய். எழுபது. இன்னும் இரண்டு. எழுபத்தெட்டு. பட்டாணி மட்டும், ஒரே நாளில் இத்தனை மிட்டாய் கிடைத்ததில்லை என்று சந்தோஷமாக இருந்தாள். கூரை ஒழுகிய இடத்தில் அவன் உட்கார்ந்துகொண்டு, ஒழுகாத இடத்தை அவர்களுக்கு விட்டிருந்தான். அவள் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டி வரும்.

மூன்றாவது மணி நேரம் முடியும்போது நூற்றுப் பன்னிரண்டு. மழையும் விட்டிருந்தது.

நன்றி என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

*

அப்புறம் பத்து நாள் அவனுக்கு முகம் காட்டவில்லை. கடைக்கு வந்தபோது இல்லை என்று சொல்லச் சொன்னாள். திரைக்குக் கீழே அவனுடைய ஷூ கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனது தெரிந்தது. தான் தப்பே செய்ய மாட்டோம் என்ற ஒரே நினைப்பில்தான் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்திருந்தாள். அவன் செய்த தப்புக்கு மைதானத்திலேயே வைத்துத் தாளித்தாள். தன் தப்புக்கு அவன் ஒரு சொல் சொல்லவில்லையே... சொல்லியிருந்தால் தேவலை. பட்டாணி போட்டியில் ஓட மாட்டாள் என்று ஒரு சீட்டு எழுதிப் பையில் வைத்து அனுப்பினாள்.

போட்டிக்கு முந்தின நாள் பட்டாணி அந்தச் சீட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"சார் கிட்ட கொடுக்கலையா?"

"கொடுக்கல. அத்தை, உனக்கு சார் மேல கோவமா?"

"இல்ல கண்ணு. என் மேலதான்."

பட்டாணி யோசித்தாள். "நீ தப்பு பண்ணினா நான் ஏன் உட்காரணும்?"

எட்டு வயது. அவள் குழந்தையின் விரல்களை எடுத்துப் பார்த்தாள். நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாகப் புள்ளி. இத்தனை குத்தையும் தாங்கிக்கொண்டு மறுநாள் ஓடுவதற்கு ஷூ துடைக்கிற பிள்ளை... தான் ஒரு தப்பைத் தாங்க முடியாமல் திரைக்குப் பின்னால் ஒளிகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் வெயிலும் தூறலும் சேர்ந்து அடித்தன. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் அவர்களைப் பார்த்தான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தான். பட்டாணி நேராகத் தன் குழுவோடு போய் நின்றுகொண்டாள். கைகளை இரண்டு தடவை கழுவியிருந்தாள், ஓடுவதற்கு முன் பார்த்த எண்ணும் நன்றாக இருந்தது.

அவள் ஒரு சின்னப் பையை அவனிடம் நீட்டினாள். ஆறு மிட்டாய். அவன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். இன்னொன்றையும் பார்த்தான்.

"நம்பர் எங்க?"

"போடல."

"அப்ப சாயங்காலம் எத்தனை போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லுவீங்க." விட்டால் இனி சொல்ல வராது என்று தெரிந்து, அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள். "அன்னிக்கு உங்களை நம்பல. பிள்ளையையும் நம்பல. மெஷினைத்தான் நம்பினேன். மன்னிச்சிடுங்க... எனக்கு இப்பவும் பயம்தான். தினமும் பயம்தான், அது எங்கயும் போகாது. ஆனா அந்த பஸ் ஸ்டாப்ல மூணு மணி நேரமும் நடுங்கிக்கிட்டே இருந்தேன் பாருங்க... மொத தடவையா நான் தனியா நடுங்கல. அது எனக்குப் பிடிச்சிருந்துது. உங்களை... பிடிச்சிருக்கு."

அவன் சட்டைப் பையில் கையை விட்டான். நான்காக மடித்த தாள் வந்தது. அதன் மடிப்புக்குள்ளிருந்து, தேய்த்து நீவிய ஒரு மிட்டாய்க் காகிதம். ஒரு கால் கோணலாக, நான்கு.

"அன்னிக்குக் கீழே போட்டுட்டீங்க. எடுத்து வெச்சேன்," என்றான். "ஒரு மிட்டாய்க்கே இவ்வளவு அக்கறையா நம்பர் போடறவங்க மனசுல நமக்கும் ஒரு ஓரமா இடம் கிடைக்குமான்னுதான் ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்திக் கொண்டுவந்து காட்டினேன். ஆறோட நிறுத்தாதீங்க... ஏழாவதா என்னையும் எண்ணிக்கோங்க."

"எண்ணறதை விட்டுட்டேன்னு இப்பதானே சொன்னேன்?"

"அப்ப எண்ணாமலே வெச்சுக்கோங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது என்ன என்று யாராவது கேட்டால் தூறல்தான் என்று சொல்லலாம்.

"சார்," என்று கோட்டிலிருந்து பட்டாணி கூப்பிட்டாள். "விசில் ஊதுங்க சார். எவ்வளவு நேரம் நிக்கறது?"

அவன் விசிலை வாயில் வைத்தான். சிரிப்பு அடங்காமல் முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை ஊதினான். பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று... கடைசியில் தொடர் ஓட்டக் கோல் பட்டாணியின் புள்ளி வைத்த விரல்களுக்கு வந்தது. அவள் ஓடினாள். அத்தை தன்னையறியாமல் ஓரடி முன்னால் போனாள். அவன் பக்கத்தில் வந்து நின்று, கையைப் பிடிக்காமல், ஸ்டாப்வாட்சை மட்டும் அவளிடம் நீட்டினான். அவள் அதை ஒதுக்கிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.